பட்டியலைப் பிள்ளைகள் எழுதட்டும்

அமெரிக்காவின் கடும்போட்டிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கவிருக்கும் மாணவர்களின் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,



அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியின் இறுதி ஆண்டில் இருக்கும் மாணவர் கல்லூரிகளுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில், மதிப்பெண் பட்டியலோடும் கட்டுரைகளோடும், பாடப்புறச் செயல்பாடுகளுக்கென்று தனியே ஒரு பகுதி உண்டு. வகுப்பறைக்கு வெளியே கிடைத்த நேரத்தை அம்மாணவர் எதில் செலவிட்டார், அதனால் என்ன விளைந்தது என்று கேட்கும் இப்பகுதி அளவில் மிகச் சிறியது. ஆயினும் தமிழ்க் குடும்பங்களில் இது உண்டாக்கும் பதற்றமும், இதற்காகச் செய்யப்படும் செலவும், இதைப் பற்றி நிலவும் தவறான எண்ணங்களும் சிறியவை அல்ல. நியூ ஜெர்சியிலும் டெக்சாசிலும் கலிஃபோர்னியாவிலும் வாழும் குடும்பங்களுக்கு மட்டுமன்றி, சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பிள்ளைகளை அங்கே அனுப்ப எண்ணும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். அப்பகுதி எப்படி அமைந்திருக்கிறது, அதைப் படிப்பவர் எதைத் தேடுகிறார், தமிழ் வீடுகளின் அன்றாடத்தில் எவையெல்லாம் அதில் எழுதத்தக்கவை என்பனவற்றை விளக்கி, முடிவில் ஒரு வேண்டுகோளை முன்வைப்பது இம்மடலின் நோக்கம்.

பெற்றோரில் பெரும்பாலோர் எண்களால் மட்டுமே முடிவு செய்யப்பட்ட சேர்க்கை முறையின் வழியே வந்தவர்கள். தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கு இன்று கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. நுழைவுத்தேர்வு இருந்த காலத்திலும் கூட்டல் முறைதான் மாறியிருந்ததே தவிர, எண்ணே முடிவைச் சொன்னது. அரை மதிப்பெண்ணில் கல்லூரி கைநழுவிப் போன கதை இல்லாத குடும்பம் அரிது. அந்த அனுபவம் படிய வைத்த பழக்கத்தோடு செயல்பாட்டுப் பட்டியலை அணுகும்போது, அதுவும் இன்னொரு மதிப்பெண் பட்டியலாகவே தோன்றுகிறது: தலைவர் பதவிக்கு இத்தனை, பதக்கத்துக்கு இத்தனை, நூறு மணி நேரத் தொண்டுக்கு இத்தனை என்று மனக்கணக்கு ஓடத் தொடங்குகிறது. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்ற நிறுவனங்களோ நூறு பேர் விண்ணப்பித்தால் ஐவருக்கும் குறைவானோரையே சேர்த்துக்கொள்கின்றன. விண்ணப்பிப்போரில் மிகப் பலர் பாடத்தில் தகுதி உடையவர்களாகவே இருப்பதால், எண்களைக் கூட்டி இடம் ஒதுக்குவதற்குப் பதிலாக, முழுநோக்கு மதிப்பீடு எனப்படும் முறையை அவை கையாள்கின்றன. பாடத்தேர்ச்சி, பள்ளியும் குடும்பமும் அமைந்த சூழல், கட்டுரைகள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், செயல்பாடுகள் ஆகிய எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தி வாசித்து ஒரு முடிவுக்கு வருவதே அம்முறை.

அதிலும் எண்கள் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாணவர் சேர்க்கை முறை குறித்து ஹார்வர்டுக்கு எதிராகத் தொடுக்கப்பட்டு 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்த வழக்கு, அப்பல்கலைக்கழகத்தில் முதல் வாசகர் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பாடம், பாடப்புறச் செயல்பாடு, விளையாட்டு, பள்ளியின் ஆதரவு, தனிப்பண்பு, ஒட்டுமொத்தம் என ஆறு வகைகளில், உயர்ந்தது ஒன்று, தாழ்ந்தது ஆறு என்ற அளவில் மதிப்பிடுவதை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. எனினும் அந்த எண், எத்தனை செயல்பாடுகள் எழுதப்பட்டுள்ளன என்று எண்ணிப் போடப்படுவதன்று. படித்து முடித்த ஒருவரின் மனத்தில் எழுந்த கருத்தின் சுருக்கம் அது.

இம்முறையின் பிறப்பு தூய்மையானதன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவை பெரும்பாலும் தேர்வுகளின் அடிப்படையிலேயே மாணவரைச் சேர்த்து வந்தன. குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அத்தேர்வுகளில் சிறந்து விளங்கி, 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டு மாணவரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் யூதர் என்ற நிலை வந்தபோது, அதன் தலைவராயிருந்த லாரன்ஸ் லோவெல் அந்த எண்ணிக்கையைக் குறைக்க முனைந்தார். நற்பண்பு, தலைமை, ஆளுமை ஆகியவற்றை அளக்கிறோம் என்ற பெயரில் புகைப்படமும், குடும்பத்தின் பெயர் மாற்றப்பட்டதா என்ற கேள்வியும் விண்ணப்பத்தில் நுழைந்த வரலாற்றைச் சமூகவியல் அறிஞர் ஜெரோம் கராபெல் 2005இல் வெளியிட்ட பெருநூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். குடியேறிகளின் பிள்ளைகளை வெளியே நிறுத்துவதற்குப் பயன்பட்ட கருவி ஒன்று, இன்று வேறொரு குடியேறிச் சமூகத்தின் முன் வைக்கப்பட்டிருக்கிறது. பெற்றோருக்குள்ள ஐயம் அடிப்படையற்றதன்று. ஆனால் கருவியின் அமைப்பை அறியாமல் ஐயம் மட்டும் கொண்டிருப்பதால் பிள்ளைகளுக்குப் பயன் ஏதும் விளையாது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும் பொது விண்ணப்பத்துக்குக் காமன் ஆப் என்று பெயர்; 1975இல் பதினைந்து கல்லூரிகளோடு தொடங்கியது அது. அதன் செயல்பாட்டுப் பகுதியில் பத்து இடங்களே உண்டு. ஒவ்வோர் இடத்திலும் செயல்பாட்டின் வகையைத் தேர்ந்தெடுத்தபின், வகித்த பொறுப்பை 50 எழுத்துகளுக்குள்ளும், அமைப்பின் பெயரை 100 எழுத்துகளுக்குள்ளும், செய்ததையும் அடைந்ததையும் 150 எழுத்துகளுக்குள்ளும் சொல்ல வேண்டும். சொற்களுக்கிடையே உள்ள இடைவெளியும் நிறுத்தற்குறியும் இக்கணக்கில் சேரும் என்பதால், 150 எழுத்து என்பது ஆங்கிலத்தில் ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து சொற்களே. எந்தெந்த வகுப்புகளில் அது தொடர்ந்தது, பள்ளி நாட்களிலா, விடுமுறையிலா, ஆண்டு முழுவதுமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்பவற்றையும் தனித்தனியே குறிக்க வேண்டும். தமக்கு முதன்மையானது முதலில் வருமாறு மாணவரே வரிசைப்படுத்த வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தனி விண்ணப்பமோ விருதுகள், வேலை, தொண்டு அனைத்தையும் சேர்த்து இருபது இடங்களும், ஒவ்வொன்றையும் விவரிக்க 350 எழுத்துகளும் தருகிறது. அமெரிக்காவின் மிகக் கடுமையான போட்டி நிலவும் இடங்களுள் ஒன்றான எம்.ஐ.டி. தன் சொந்த விண்ணப்பத்தில் நான்கே நான்கு செயல்பாடுகளைத்தான் கேட்கிறது. பத்து இடங்களையும் நிரப்பியே தீர வேண்டும் என்று நம்பும் பெற்றோர் இந்த நான்கைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஹார்வர்டு கல்வியியல் பள்ளியில் இயங்கும் ஓர் ஆய்வுத் திட்டம் 2016இல் வெளியிட்டு, பல கல்லூரிகளின் சேர்க்கைத் துறைத் தலைவர்கள் ஒப்புதல் அளித்த அறிக்கையும், ஆழ்ந்து ஈடுபட்ட இரண்டு, மூன்று செயல்பாடுகளுக்கு மேல் எழுத வேண்டும் என்ற நெருக்கடி மாணவருக்கு இருக்கக் கூடாது என்றே பரிந்துரைத்தது.

பெற்றோர் பெரிதும் கவனிக்காமல் விடுவது மணிக்கணக்கை. அனுபவமுள்ள வாசகரின் கண் முதலில் செல்வதும் அங்கேதான். ஒரு வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேர உறக்கத்துக்கு 56ஐயும், பள்ளிக்கு 35ஐயும் கழித்தால் எஞ்சுவது 77. வீட்டுப்பாடம், உணவு, குளியல், பயணம் ஆகியவற்றையும் கழித்துவிட்டால், கடினமான பாடங்களை எடுத்திருக்கும் ஒரு பதினேழு வயது மாணவருக்கு முப்பது மணி நேரம் மிஞ்சினாலே பெரிது. இந்நிலையில் நடனத்துக்குப் பன்னிரண்டு, ரோபாட்டிக்ஸ் குழுவுக்குப் பதினைந்து, தொண்டுக்குப் பத்து, ஆய்வுக்குப் பத்து, விவாத மன்றத்துக்கு எட்டு, இன்னும் ஐந்து மன்றங்களுக்கு ஐந்தைந்து என்று, எல்லாம் பள்ளி நாட்களில் ஆண்டு முழுவதும் நிகழ்வனவாக எழுதப்பட்டிருந்தால், கூட்டுத்தொகை எண்பதாகிவிடுகிறது. எழுதியவர் பொய் சொல்ல எண்ணியிருக்க மாட்டார்; ஒவ்வொன்றிலும் மிகுந்த வேலை இருந்த வாரத்தை மனத்தில் வைத்து எழுதியிருப்பார். ஆயினும் வாசிப்பவர் அந்த எண்பதைக் கண்டதும், பட்டியலின் மற்ற வரிகளையும் நம்பத் தயங்குகிறார். ரோபாட்டிக்ஸ் போட்டிக் காலம் ஆண்டில் சில மாதங்களே என்றால் அந்தச் சில மாதங்களின் வாரங்களை மட்டும் குறிப்பதும், சராசரியான ஒரு வாரத்தை எண்ணிப் பார்த்து எழுதுவதும் இந்த இடரைத் தவிர்க்கும்.

இனி 150 எழுத்துகளுக்கு வருவோம். அமெரிக்க நகரங்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பல உண்டு. அவற்றில் படித்து முடித்த மாணவர் பலர் அங்கேயே உதவி ஆசிரியராகப் பணிபுரிகின்றனர். இப்பணியைப் பட்டியலில் எழுதும்போது பெரும்பாலும் காணப்படுவது, தமிழ்ப் பள்ளியில் தன்னார்வத் தொண்டு செய்து, குழந்தைகளுக்குத் தாய்மொழியையும் பண்பாட்டையும் கற்பித்து, தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டதாகப் பொருள்படும் ஒரு வாக்கியம். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதே வாக்கியத்தை வேறு எந்த மாணவரும் வேறு எந்தப் பள்ளியைப் பற்றியும் எழுதிவிடலாம். அதே பணியை, 247 எழுத்துகள் கொண்ட நெடுங்கணக்கை ஏழு, எட்டு வயதுக் குழந்தைகள் பன்னிருவருக்குக் கற்பிப்பது, ஆங்கிலத்தில் இணை இல்லாத ழகரத்தை நாக்கு பழகுவதற்கென்று படஅட்டைகள் வரைந்து விளையாட்டு ஒன்றை உருவாக்கியது, அதைப் பக்கத்து வகுப்புகளும் எடுத்துக்கொண்டது என்று எழுதினால், தமிழையே கேட்டறியாத ஒரு வாசகரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பறையைக் கண்முன் காண்கிறார். மணிக்கணக்கும் அதே நேர்மையோடு அமைய வேண்டும்: வகுப்பு இரண்டு மணி நேரம், அதற்கான தயாரிப்பு ஒரு மணி நேரம் எனில் வாரத்துக்கு மூன்று, பள்ளி நடப்பது முப்பது வாரம் எனில் ஆண்டுக்கு 90 மணி நேரம், இது குறைவென்று நாணத்தக்க எண் அன்று. செயலைக் குறிக்கும் வினைச்சொல்லோடு தொடங்குவதும், எத்தனை பேர், எவ்வளவு, எவ்வளவு காலம் என்ற எண் இருந்தால் சேர்ப்பதும், தலைமைப் பண்பு, ஆர்வம், அர்ப்பணிப்பு போன்ற தற்புகழ்ச்சிச் சொற்களை நீக்குவதும் இவ்வளவு சிறிய இடத்தில் செய்யத்தக்கவை. அப்பண்புகள் உண்மையில் இருந்தால் அவற்றைச் சொல்ல ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் இருக்கிறது. தமிழ் கற்றமைக்காக இருமொழித் தேர்ச்சி முத்திரை பெற்றிருந்தால், அதாவது ஆங்கிலத்தோடு வேறொரு மொழியிலும் புலமை காட்டியவருக்கு மாநில அரசுகள் பள்ளிச் சான்றிதழில் பொறிக்கும் அங்கீகாரத்தைப் பெற்றிருந்தால், அது செயல்பாட்டுப் பட்டியலில் ஓர் இடத்தை அடைக்க வேண்டியதில்லை; ஐந்து விருதுகளைக் குறிக்கத் தனிப்பகுதி உண்டு.

பரதநாட்டிய அரங்கேற்றம் தனியே பேசப்பட வேண்டியது. எட்டு, பத்து ஆண்டுகள் பயின்ற மாணவி, அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் மார்க்கத்தை, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்திய நிகழ்ச்சி வரிசையை, ஏறத்தாழ மூன்று மணி நேரம் தனியொருவராக ஆடிக்காட்டும் நாள் அது. அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் வர்ணத்தில், நிருத்தமும் அபிநயமும் மாறிமாறி வர, மூச்சும் தாளமும் முகபாவமும் தவறாமல் நிற்பது எத்தகைய உடலுழைப்பு என்பதை ஆடியவர் அறிவார். இவ்வளவு பெரிய உழைப்பு பட்டியலில் பெரும்பாலும் அரங்கேற்றம் செய்தார், இத்தனை நூறு பேர் வந்திருந்தனர், நேரடி இசைக்குழு இருந்தது என்ற மூன்று செய்திகளாகச் சுருங்கிவிடுகிறது. இவற்றுள் பின்னிரண்டும் குடும்பத்தின் வசதியைச் சொல்கின்றனவே அன்றி மாணவியின் உழைப்பைச் சொல்லவில்லை. பெரிய கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகங்களுக்கு அரங்கேற்றம் புதிய செய்தியுமன்று. ஆண்டுதோறும் பல விண்ணப்பங்களில் அவை அதைக் காண்கின்றன. ஆகவே அந்த நாளைவிட அதற்கு முன்னும் பின்னும் நடந்தவையே எழுதத் தகுந்தவை: ஒன்பதாம் வகுப்பிலிருந்து குருவின் வகுப்பில் சிறுமிகளுக்கு அடவு சொல்லித் தந்தது, தட்டுக்கழி பிடித்து நட்டுவாங்கம் பழகியது, காலில் காயம் பட்ட பருவத்தில் ஜதிகளை ஏட்டில் எழுதி மனனம் செய்தது, அரங்கேற்றம் முடிந்தபின்னும் வாரம் இருமுறை வகுப்புக்குப் போவது. அரங்கேற்றத்தோடு சலங்கையைக் கழற்றி வைத்துவிட்ட மாணவியின் பட்டியலும், அதற்குப் பிறகும் ஆடிக்கொண்டிருக்கும் மாணவியின் பட்டியலும், வகுப்பு ஆண்டுகளைக் குறிக்கும் சிறு பெட்டிகளிலேயே வேறுபட்டுத் தெரிந்துவிடும். கருநாடக இசைக்கும் இது பொருந்தும். 1978 முதல் கிளீவ்லாந்தில் நடைபெற்று வரும் தியாகராஜ ஆராதனைப் போட்டியில் பரிசு பெற்றிருந்தால், அப்போட்டி எத்தகையது என்பதை ஓரிரு சொற்களில் சொல்லி விருதுப் பகுதியில் குறிக்கலாம், ஏனெனில் பெயரை மட்டும் எழுதினால் வாசகருக்கு அதன் மதிப்பு விளங்காது.

தமிழ் வீடுகளில் நடக்கும் பெரும் பகுதி பட்டியலுக்கே வராமல் போய்விடுகிறது என்பதுதான் மிகுந்த வருத்தத்துக்குரியது. காமன் ஆப் தரும் செயல்பாட்டு வகைகளுள் குடும்பப் பொறுப்பு என்பதும், ஊதியத்துக்குச் செய்யும் வேலை என்பதும் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளன. பார்வையாளர் விசாவில் வந்து ஆறு மாதம் தங்கும் பாட்டிக்கு வேளை தவறாமல் இன்சுலின் போட்டு, மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் சொல்லும் வலியை ஆங்கிலத்திலும் மருத்துவர் சொல்லும் மருந்தைத் தமிழிலும் மாற்றிச் சொல்லும் பேரன் செய்வது ஒரு செயல்பாடு. தாய் மருத்துவமனையில் இரவுப்பணி பார்ப்பதால் தம்பியைப் பள்ளிக்குக் கிளப்பி, மாலையில் சாதம் வடித்து வைக்கும் அக்கா செய்வதும் ஒரு செயல்பாடு. கோவையில் தந்தையின் லேத் பட்டறையில் சனிக்கிழமைதோறும் நின்று, அளவுகருவி பிடிக்கக் கற்று, ஜி.எஸ்.டி. பில் போடும் மாணவர், பள்ளியில் மன்றங்கள் ஏதும் இல்லையே என்று கலங்கி, இல்லாத மன்றம் ஒன்றை இணையத்தில் தொடங்க வேண்டிய தேவையே இல்லை. பள்ளி தன் சூழலை விவரித்து அனுப்பும் குறிப்பைக் கொண்டு, அங்கே எவை இருந்தன, எவை இல்லை என்பதை வாசகர் அறிந்துகொள்கிறார். 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிச் சேர்க்கைத் தலைவர்கள் கூட்டாகக் கையெழுத்திட்ட அறிக்கை, வீட்டாரைக் கவனிப்பதையும் குடும்பத்துக்கு வேண்டிய வேலைகளைச் செய்வதையும் தாங்கள் மதிப்பதாக வெளிப்படையாகவே தெரிவித்தது. வீட்டு வேலையை வெளியே சொல்வது குடும்பத்துக்கு இழுக்கு என்று தமிழ்ப் பெற்றோர் சிலர் தடுப்பது, பிள்ளை உண்மையில் சுமந்த பொறுப்பை அழித்துவிடுவதற்கு ஒப்பாகும்.

இதற்கு எதிர்ப்புறத்தில், பணத்தால் வாங்கப்படும் செயல்பாடுகளுக்குச் சந்தை ஒன்றே உருவாகியிருக்கிறது. ஆயிரக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு உயர்நிலைப் பள்ளி மாணவர் பெயரில் ஆய்வுக் கட்டுரை வெளிவரச் செய்வோர், இரு வாரக் கோடை வகுப்புக்குப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் வளாகத்தை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு அதன் பெயரை விளம்பரப்படுத்துவோர், ஏழை நாடொன்றுக்குப் பத்து நாள் தொண்டுப் பயணம் அழைத்துச் செல்வோர் எனப் பல தரப்பினர் இச்சந்தையில் உள்ளனர். மிகவும் மதிக்கப்படும் கோடைத் திட்டங்கள் சில கட்டணம் வாங்குவதே இல்லை: எம்.ஐ.டி. வளாகத்தில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. என்ற அறிவியல் ஆய்வுத் திட்டமும், டெல்யூரைடு சங்கம் நடத்தும் கோடைக் கருத்தரங்கும் அத்தகையவை. வாசகர் இவ்வேறுபாட்டை அறிந்தே இருக்கிறார். பதினொன்றாம் வகுப்பில் அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கி, நிறுவனர், தலைவர் என்ற பட்டங்களைச் சூடி, விண்ணப்பம் அனுப்பிய அடுத்த மாதமே அதைக் கைவிடுவதும் இதே வகைதான்; ஏற்கெனவே நகரில் இயங்கும் உணவு வங்கியில் மூன்று ஆண்டுகள் சனிக்கிழமைகளில் மூட்டை தூக்கியவருக்குப் பட்டம் எதுவும் இல்லாவிட்டாலும், அவரது வரியில் கனம் மிகுதி. தொண்டு செய்த மணி நேரத்தை மட்டும் கணக்கிட்டு வழங்கப்பட்டு வந்த குடியரசுத் தலைவர் தன்னார்வத் தொண்டு விருதில், 16 முதல் 25 வயது வரையுள்ளோருக்கு 250 மணி நேரம் தங்க நிலைக்குப் போதுமானதாயிருந்தது. அந்த 250ஐ எட்டுவதற்காகத் தமிழ்ச் சங்க விழாக்களில் பிள்ளைகளை நாற்காலி அடுக்க வைத்த பெற்றோர், விருதின் பெயரைக் காட்டிலும் அந்த மணி நேரத்தில் பிள்ளை எதைக் கற்றது என்பதே கேட்கப்படும் என்பதை உணர வேண்டும்.

மிகைப்படுத்தல் பொய்யாக மாறும் எல்லை மெல்லியது. விண்ணப்பத்தின் முடிவில் மாணவர் இடும் கையெழுத்து, எழுதியவை யாவும் உண்மை என்று உறுதி அளிப்பது. அது தவறென்று பின்னர் தெரியவந்தால், சேர்க்கையைத் திரும்பப் பெறவும், படிக்கும்போது வெளியேற்றவும், ஏன், பெற்ற பட்டத்தையே பறிக்கவும் கல்லூரிக்கு உரிமை உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பங்கள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, குறிப்பிட்ட செயல்பாட்டுக்கோ விருதுக்கோ சான்று கேட்கிறது. தராதவரின் விண்ணப்பம் நீக்கப்படும். 2019 மார்ச்சில் வெடித்த சேர்க்கை மோசடி வழக்கில், செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் ஆடாத விளையாட்டுகளில் வீரர்களாகக் காட்டப்பட்டனர். படகு வலிக்கும் பயிற்சிக் கருவியில் அமரவைத்துப் படம் எடுத்ததெல்லாம் நீதிமன்றத்தில் வெளிவந்தது. அதை இயக்கிய ஆலோசகர் ரிக் சிங்கருக்கு 2023இல் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் பத்துப் பேர் கொண்ட ரோபாட்டிக்ஸ் குழுவின் மாநில வெற்றியைத் தன் ஒருவரின் வெற்றியாக எழுதுவதும், ஒரு முறை போன முகாமை இரண்டாண்டுத் தொண்டாக நீட்டுவதும் அதே பாதையின் முதற்படிகள். அவற்றைப் பெற்றோரே சொல்லித் தரும்போது, பிள்ளை கற்றுக்கொள்வது விண்ணப்பம் எழுதுவதை மட்டுமன்று.

இவை அனைத்தையும் கடைப்பிடித்தாலும் போட்டி சமமாகிவிடாது என்பதை மறுப்பதற்கில்லை. தமிழ்நாட்டு வேர்கள் கொண்ட பொருளியல் அறிஞர் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் ஆகியோர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டையும் அவற்றுக்கு நிகரான நான்கையும் எடுத்துக்கொண்டு, எஸ்.ஏ.டி. போன்ற தேர்வுகளில் ஒரே மதிப்பெண் பெற்றவர்களிடையே கூட, வருமானத்தில் உச்சத்திலுள்ள நூற்றில் ஒரு பங்குக் குடும்பங்களின் பிள்ளைகள், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட இருமடங்குக்கும் மேலான வாய்ப்போடு அங்கே சேர்கின்றனர் என்று காட்டியது. முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்குத் தரும் சலுகையும், விளையாட்டு வீரர் சேர்க்கையும், பாடம் சாராத் தகுதிகளுக்குத் தரும் எடையும் இதற்கு அவர்கள் கண்ட காரணங்கள். ஜூலி பார்க் முதலிய ஆய்வாளர்கள் ஏறத்தாழ அறுபது இலட்சம் விண்ணப்பங்களின் செயல்பாட்டுப் பட்டியல்களை ஆராய்ந்தபோதும், வசதி மிக்கோரும் தனியார் பள்ளி மாணவரும் கூடுதலான செயல்பாடுகளையும் தலைமைப் பொறுப்புகளையும் எழுதியிருந்தனர். வெள்ளையரோடு ஆசிய அமெரிக்க மாணவரும் அந்தக் கூடுதல் எண்ணிக்கைக்கு உரியோராய் இருந்தனர். நன்கு சம்பாதிக்கும் தமிழ்ப் பெற்றோர் இந்த ஆய்வுகளில் தங்களை ஒடுக்கப்பட்டோராக மட்டும் காண இயலாது. அதே நகரில் எரிபொருள் நிலையத்தில் இரவு வேலை பார்க்கும் தமிழரின் மகளும் அதே விண்ணப்பத்தைத்தான் நிரப்புகிறாள். அவளுக்கு ஆலோசகரும் இல்லை, அரங்கேற்றமும் இல்லை. தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் நடத்தும் கல்லூரி வழிகாட்டல் கூட்டங்களுக்கு அத்தகைய குடும்பங்களைத் தேடிப்போய் அழைத்து வருவது, வசதியுள்ள பெற்றோர் இந்தப் பொருளில் செய்யக்கூடிய மிகச் சிறந்த தொண்டு.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் நாளில் காமன் ஆப் புதிய ஆண்டுக்குத் திறக்கிறது. முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள். இதற்கிடைப்பட்ட மூன்று மாதங்களில் பெற்றோர் செய்ய வேண்டியவை சிலவே. பழைய நாட்காட்டிகளையும் பள்ளி மின்னஞ்சல்களையும் எடுத்துக்கொடுத்து மணிக்கணக்கைச் சரிபார்க்க உதவலாம். பிள்ளை மறந்துவிட்ட பொறுப்பை, அது வீட்டுக்குள் செய்ததாயினும், நினைவூட்டலாம். எழுதியதைப் படித்து, அயலார் ஒருவருக்கு இது புரியுமா என்று மட்டும் கேட்கலாம். சொற்களைத் தாமே மாற்றி எழுதுவதும், வரிசையைத் தம் விருப்பப்படி அடுக்குவதும், பிள்ளைக்கு முதன்மையான செயல்பாட்டைக் கீழே தள்ளிப் பெற்றோருக்குப் பெருமையான செயல்பாட்டை மேலே ஏற்றுவதும் செய்யத்தகாதவை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் பிள்ளைகளை உடைய பெற்றோருக்கும் ஒரு சொல்: பட்டியலை மனத்தில் வைத்துப் பிள்ளையின் மாலைப்பொழுதுகளைத் திட்டமிடாமல், பிள்ளை தானாகவே மீண்டும் மீண்டும் போய் நிற்கும் இடம் எது என்று கவனித்து, அதற்கு நேரமும் உறக்கமும் கிடைக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்ப ஆண்டில் உள்ள பெற்றோரிடம் இம்மடல் வேண்டுவது ஒன்றே: விசைப்பலகையைப் பிள்ளையிடம் தந்துவிட்டு, பட்டியலை அவர்களையே எழுத விடுங்கள்.